முறிமருந்தும் மூச்சும்

நஞ்சு என்று ஒன்றிருந்தால் அதற்கு முறிமருந்தும் எங்கோ இருந்தாக வேண்டும் என்பது கதைமரபு நமக்குள் ஊன்றிவிட்ட நம்பிக்கை. வீழ்ந்து கிடப்பவர்களை எழுப்ப அனுமன் மலையையே பெயர்த்து வருகிறான். மலை வந்து சேரும்வரை அவர்களின் மூச்சைக் காப்பது யார் என்று கதை கேட்கும் நாம் கேட்பதில்லை. நவீன நஞ்சு மருத்துவத்தின் வரலாறோ அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

பார்பிட்டாலின் உறக்கமூட்டும் பண்பை ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் ஃபொன் மேரிங்கும் 1903இல் வெளியிட்டனர். 'வெரோனல்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 1912இல் 'லூமினால்' தொடர்ந்தது. நிம்மதியான உறக்கத்துக்கென வந்த இவற்றை அளவுமீறி உண்டவர்கள் விரைவிலேயே மருத்துவமனைகளை நிறைத்தனர். அணைந்துபோகும் மூளையைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதே அன்றைய மருத்துவர்களின் முடிவு. நிக்கெத்தமைடு, ஆம்ஃபெட்டமின், பிக்ரோடாக்சின் என்று கிளர்ச்சியூட்டிகளை ஊசிவழி செலுத்தினார்கள். பிக்ரோடாக்சின் வேறொன்றுமில்லை, நம்மூர்க் காக்காய்க்கொல்லி விதையின் சாரம். குளத்து மீனை மயக்க நாம் கரைத்தது ஐரோப்பாவில் மனிதனை எழுப்பும் மருந்தாயிற்று! ஆனால் பலருக்கு வலிப்பு வந்தது, காய்ச்சல் ஏறியது, இதயம் தடுமாறியது. கடும் நஞ்சேற்றத்துடன் வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர்.

கோபன்ஹேகனின் பிஸ்பெபெர்க் மருத்துவமனையில் 1949இல் இதற்கெனத் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கியவர் கார்ல் கிளெமெசென் என்ற மனநல மருத்துவர். அவர் கிளர்ச்சியூட்டிகளைக் கைவிட்டார். தொண்டையில் குழாய் இட்டுச் சளியை உறிஞ்சுவது, பிராணவாயு தருவது, இரத்த அழுத்தம் விழாமல் திரவம் ஏற்றுவது, படுக்கையில் புரட்டிப் புரட்டிப் படுக்கவைப்பது, விழிப்பு தானே வரும்வரை நாள்கணக்கில் காத்திருப்பது: இவ்வளவுதான் சிகிச்சை. சுவீடனின் எரிக் நில்சனும் இதே வழியில் சென்றார். இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. பின்னர் இது 'ஸ்காண்டிநேவிய முறை' எனப் பெயர்பெற்றது. எனக்கு இதில் வியப்பளிப்பது, புதிதாக எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே. செவிலியரின் உழைப்புதான் மருந்தின் இடத்தைப் பிடித்தது. 1952இல் அதே நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, மூச்சடைத்த நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே காற்றூட்டினர். பியோர்ன் இப்சென் வழிநடத்திய அந்த ஏற்பாடு தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்றுக்கே வித்தாயிற்று.

ஆயினும் முறிமருந்தின் கவர்ச்சி எளிதில் ஓயவில்லை. 1961இல் காப்புரிமை கோரப்பட்டு 1971இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற நலக்சோன், கதைகளின் மூலிகையைப் போலவே வேலை செய்தது. ஹெராயின் மிகையால் மூச்சு நின்றவர் சில நிமிடங்களில் கண் திறந்தார். 2013க்குப் பின் அமெரிக்கத் தெருக்களில் ஹெராயினின் இடத்தை, 1960இல் பால் யான்சென் மயக்கமருந்தாகப் படைத்த ஃபென்டனில் கைப்பற்றியபோதும் நலக்சோன் பயன்பட்டது. 2023இல் அதன் மூக்குத்தெளிப்பு, மருந்துச்சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைக்கலாயிற்று.

அதற்குள் சரக்கு மாறியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஃபென்டனிலோடு கால்நடை மயக்கமருந்தான சைலசின் கலந்து விற்கப்பட்டது. 2024இல் அதன் இடத்துக்கு இன்னும் வலுவான மெடெடோமிடின் வந்தது. இவை ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை அல்ல. நலக்சோன் இவற்றை முறிக்காது. மருந்து தந்தபின் மூச்சு திரும்பியிருக்கும், ஆள் விழித்திருக்க மாட்டார். கண் திறக்கவில்லையே என்று நலக்சோனை மேலும் மேலும் செலுத்தினால், கடும் போதைவிலக்கத் துன்பம்தான் மிஞ்சும். எனவே விழிப்பை அல்ல, மூச்சையே இலக்காகக் கொண்டு, பிராணவாயு தந்து காத்திருங்கள் என்று மருத்துவர்கள் இப்போது அறிவுறுத்துகிறார்கள். கிளெமெசென் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

மெடெடோமிடினுக்கும் முறிமருந்து உண்டு, அட்டிபமெசோல் என்று பெயர். நாய்க்கு அதைச் செலுத்தி எழுப்பலாம். மனிதருக்குத் தர ஒப்புதல் இல்லை. பழகிய உடலிலிருந்து இந்தப் போதை நீங்கும்போது இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறி, நடுக்கமும் ஓயாத வாந்தியும் பற்றுகின்றன. அந்நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர்களுக்குச் சொட்டுசொட்டாக ஏற்றப்படுவது டெக்ஸ்மெடெடோமிடின். தெருவில் அவர்களை வீழ்த்திய அதே பொருளின் செயல்படும் பாதி அது.