வில்லனும் கூலியும்



சென்ற வாரம் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து, "நீ கூலிக்காரன்ட மகன்தானே" என்று சொல்லிவிட்டான். மற்றவனின் வாப்பா சந்தையில் மூட்டை சுமப்பவர். நான் பாடத்தை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் 'வில்லன்' என்று எழுதினேன். "யார் இவன்?" என்று கேட்டேன். "கெட்டவன் சேர்" என்றார்கள். அன்று அவர்களுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

இந்த ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் விவசாயி என்றுதான் பொருள். லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையோடு கட்டுண்ட குடியானவன் 'வில்லானுஸ்'. 1086 இல் முதலாம் வில்லியம் மன்னர் எடுப்பித்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் ஆகப் பெரிய தொகையினர் இவர்கள்தான். பிரபுவின் நிலத்தில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். அனுமதியின்றி ஊரை விட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக் கொடுக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

1381 இல் இந்த நிலையை ஒழிக்கச் சொல்லி மக்கள் லண்டன் வரை திரண்டு போனார்கள். 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் சம்மதித்தார். கிளர்ச்சி அடங்கியதும் வாக்கை மீளப் பெற்றார். வாக்குத் தவறியவர் மன்னர். கெட்ட பெயர் வந்ததோ குடியானவனுக்கு.

இது ஒரு சொல்லின் கதை மட்டுமில்லை. 'நேவ்' என்றால் பையன், பணியாள், பிறகு அயோக்கியன். 'பூர்' என்றால் உழவன்; பிறகு பண்பில்லாதவன். 'வல்கர்' என்றால் பொதுமக்களுக்குரியது, பிறகு ஆபாசம். மறுபக்கம் பாருங்கள்: நற்குடியில் பிறந்தவனைக் குறித்த 'ஜென்டில்' மென்மையாகவும், உயர்குலத்தைக் குறித்த 'ஜெனரஸ்' தாராள மனமாகவும் மாறின. எழுதுகோல் யார் கையில் இருந்தது என்று விளங்குகிறதுதானே?

1790 இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய எட்மண்ட் பர்க், மக்கள் கூட்டத்தைப் பன்றிகளுக்கு ஒப்பிட்டார். ஏழைக் குடும்பத்தில் பிறந்த தோமஸ் ஸ்பென்ஸ் சும்மா இருக்கவில்லை. 1793 இல் தன் மலிவு விலைப் பத்திரிகைக்கு 'பன்றித் தீனி' என்ற பொருளில் பெயர் வைத்து, ஏசப்பட்டவர்களுக்கே அரசியல் படிப்பித்தார்.

பொதுமக்களைக் 'கழுவாத பெருங்கூட்டம்' என்று சொல்லும் தொடர், 1830 இல் வந்த எட்வர்ட் புல்வர்-லிட்டனின் 'பால் கிளிஃபோர்ட்' நாவலில் இருந்து பரவியது. அந்நாளில் இங்கிலாந்தில் சவர்க்காரத்துக்கே வரி இருந்தது. 1853 இல்தான் அதை நீக்கினார்கள். சவர்க்காரத்தின் விலையை ஏற்றிவிட்டு, கழுவவில்லை என்று ஏசினார்கள்!

இனி நம் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'கூலி' தமிழிலிருந்து போனது என்பர். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலேயர் அதை மனிதனின் பெயராக்கினார்கள். அடிமை முறை ஒழிந்ததும் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களும், நம் மலையகத்தில் கோப்பியும் தேயிலையும் வளர்த்தவர்களும் அவர்களின் ஏடுகளில் 'கூலிகள்'. 1893 இல் தென்னாபிரிக்கா போன காந்தியைக்கூட 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள்.

பிள்ளைகளிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "நோன்பு பிடித்து, தொழுது, தர்மம் செய்துவிட்டு நாங்கள் அல்லாஹ்விடம் எதை எதிர்பார்க்கிறோம்?" ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது: "நற்கூலி சேர்."

வியர்வை உலரமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அப்படியிருக்க, கூலி வாங்குபவரின் மகன் ஏன் தலை குனிய வேண்டும்?

ஏசிய பிள்ளையை நான் தண்டிக்கவில்லை. அவன் அந்தச் சொல்லைப் பெரியவர்கள் யாரிடமோதான் கேட்டிருப்பான். பெற்றோர்களே, வீட்டில் சொற்களைப் பார்த்துப் பேசுவோம்.