ஓலைக்கு விலக்கு உண்டு, வயதுக்கு இல்லை

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ கம்பெனி லீவைப் பார்த்துக் கல்யாணத் தேதி குறிப்பவர்கள் உண்டு. பிறகு, "ஓலையை ஒரே ஞாயிறில் முடியுங்கள் சாமி" என்பார்கள்.

ஓலை வாசிப்பது தடைகளை அறியவே. தக்க காரணமிருந்தால் திருச்சபை அதில் விலக்கு தரலாம். வயதில் அப்படியல்ல. திருச்சபைச் சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 16 என்றாலும், நாட்டுச் சட்டப்படி 18, 21 நிறைந்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நடத்தி வைப்பவருக்கும், அனுமதிக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பெண்களுக்குச் சிறை இல்லை, அபராதம் உண்டு.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். ஒரு வருடம் பொறுத்தால் திருமணம் கெட்டுவிடாது. அவசரத்தில் பிள்ளையின் வாழ்வு கெடலாம்.