ஸ்பூல் டேப் ரெக்கார்டர் மாற்றியமைப்பு

பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர்களின் ஹெட், மோட்டார், மின்சுற்று ஆகியவற்றைச் செப்பனிட்டும் மாற்றியும், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிட நன்றாக ஓட வைப்பதே இந்த வேலை. வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அமெரிக்காவின் டேப் ஒலிப்பதிவுத் தொழிலே இப்படியொரு மாற்றியமைப்பில் பிறந்ததுதான்.

ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மாக்னெட்டோஃபோன் என்ற டேப் ரெக்கார்டரைக் காட்சிக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஜாக் முல்லின் பாட் நவ்ஹைம் நகரில் அதன் மேம்பட்ட வடிவத்தைக் கேட்டு அசந்துபோனார். இரண்டு கருவிகளைக் கழற்றிப் பொட்டலம் பொட்டலமாகத் தபாலில் ஊருக்கு அனுப்பினார். கூடவே 50 சுருள் நாடா. ஊர் திரும்பியதும், நாடாவை ஓட்டும் பகுதியை அப்படியே விட்டுவிட்டு மின்சுற்றை மட்டும் அமெரிக்க உதிரிகளால் புதிதாகக் கட்டினார். 1946 மே 16 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் முன் அதை ஓட்டிக் காட்டினார். மறு ஆண்டே பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி அதில் பதிவானது. அதை ஒட்டி ஆம்பெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 200ஏ கருவி 1948இல் வெளிவந்தது.

கிராஸ்பி தந்த ஆம்பெக்ஸ் 300 கருவியில் கிதார் கலைஞர் லெஸ் பால் ஒரே ஒரு ஹெட்டைக் கூடுதலாகப் பொருத்தினார், அதுவும் அழிக்கும் ஹெட்டுக்கு முன்னால். பழைய பதிவு அழியும் முன் வாசிக்கப்பட்டு, புதிய வாசிப்போடு கலந்து, அதே நாடாவில் மறுபடி பதிந்தது. ஒரு சுரம் பிசகினால் அதுவரை சேர்த்த அடுக்குகள் எல்லாம் போச்சு! லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல் இரண்டாவது கருவியொன்றின் மோட்டார் வேகத்தை ஆசிலேட்டரால் லேசாக அசைத்து, ஒரே குரலை இரு குரலாக்கினார்.

வீட்டுக் கருவிகளில் ரீவாக்ஸ் ஏ77 (1967), டெக்னிக்ஸ் ஆர்எஸ்-1500 (1976) இரண்டும் மாற்றியமைப்போரின் செல்லப்பிள்ளைகள். காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் களிம்பேறிய ட்ரிம்பாட்களையும் மாற்றுவதிலிருந்து வேலை தொடங்கும். தேய்ந்த ஹெட்டின் முகத்தைச் சாணை பிடித்துச் சமப்படுத்துவார்கள்.

அடுத்தது ஈக்குவலைசேஷன், அதாவது பதிவிலும் வாசிப்பிலும் உச்ச, அடி ஒலிகளின் அளவைச் சமன்செய்யும் முறை. 2007இல் தொடங்கிய டேப் ப்ராஜெக்ட் நிறுவனம் வெளியிடும் நாடாக்கள் நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில், ஐஇசி முறையில் பதிவானவை. அமெரிக்க என்ஏபி முறைக்கு அமைத்த கருவியில் அவற்றை ஓட்டினால் உச்ச ஒலி சுமார் 3 டெசிபல் தூக்கலாகவும் அடி ஒலி மெலிந்தும் கேட்கும். எனவே கருவியின் சொந்தச் சுற்றைத் தாண்டி, ஹெட்டிலிருந்து நேரே வெளியிலுள்ள வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயருக்குக் கம்பி இழுப்பார்கள். ஹெட்டின் சிக்னல் மிக நலிவானது. கம்பி நீண்டால் உச்ச ஒலி மங்கும், இரைச்சலும் ஏறும். மூலச் சுற்றைத் தொடவே கூடாது என்போரின் வாதம் பழம்பொருள் சேகரிப்போருக்குப் பொருந்தும். கேட்பதற்காகக் கருவி வைத்திருப்போருக்கு அல்ல.

புதிய நாடா இன்றும் தயாராகிறது. ரீவாக்ஸ் அண்மையில் பி77 வரிசைக்கு மறுபடி உயிர் கொடுத்துள்ளது.