கரை சேராத காசு

திருப்பருத்திக்குன்றம் என்றதும் 1387-ல் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபமும் அங்குள்ள ஓவியங்களுமே பலர்க்கும் நினைவில் எழும். நாம் பேச முற்படுவது அத்துணைப் பெருமை வாய்ந்த பொருளைப் பற்றியன்று. சந்தையிலும் தறிக்காரர் வீட்டிலும் புழங்கிய செம்புக்காசைப் பற்றி.

1763-ல் செங்கற்பட்டு ஜாகீர் நவாபிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்தபோது காஞ்சியும் அதனுள் அடங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். எளியவர் வரவு செலவு பெரும்பாலும் காசிலேயே முடிந்துவிடும்.

1803 என ஆண்டு பொறித்த இருபது காசு ஒன்று நம் சேகரத்தில் உள்ளது. பர்மிங்காமை அடுத்த சோஹோவில் மாத்யூ போல்டனின் நீராவி எந்திரங்கள் அச்சடித்தது. ஒருபுறம் சிங்கங்கள் தாங்கிய கும்பெனி முத்திரை. மறுபுறம் பாரசீகத்தில் ‘இருபது காசு நான்கு ஃபலூஸ்’ என்னும் வாசகம், அதன்கீழ் உரோம இலக்கத்தில் மதிப்பு. தமிழில் ஓரெழுத்தும் இல்லை. (1807-ஐ ஒட்டிச் சென்னையிலேயே அடித்த கால் வராகன் வெள்ளி நாணயத்திலோ கோபுரமும் தமிழ், தெலுங்கு எழுத்துகளும் உண்டு.) ஆயினும் உரோம இலக்கத்தை அடுத்து ஆங்கில எழுத்தில் நிற்கும் ‘கேஷ்’ நம் காசேதான், போர்த்துகீசியர் வாய்வழி அங்குச் சென்ற சொல். மாற்றாக டச்சுக்காரரின் ‘டுய்ட்’ நம்மிடம் துட்டாயிற்று. அகராதியைக் காட்டிலும் காசுப்பெட்டி சில வேளைகளில் நல்ல ஆசான்.

அவ்வகைக் காசுகளின் பெருந்தொகுதி ஒன்று இங்கு வந்து சேரவேயில்லை. 1808-ல் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைப் பீப்பாய்களில் அடைத்துச் சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல், 1809 சனவரியில் கெண்ட் கரையை அடுத்த குட்வின் மணற்றிட்டில் சிக்கி மூழ்கிற்று. செம்பின் எடை ஏறத்தாழ 48 டன் என்பர். 1980களில் மூழ்குவோர் அவற்றை இலட்சக்கணக்கில் வெளிக்கொணர, நம்மவர் கைபடாத நம் காசு ஐரோப்பியச் சந்தையில் மலிவாகக் கிடைக்கலாயிற்று.

இன்று 1808 காசைத் தேய்மானமின்றிக் கூரிய விளிம்புடன் கண்டால், அது கடலடியிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். நம் மதிப்பு அதற்கன்று. சிங்கம் மழுங்கி, ஆண்டின் கடைசி இலக்கம் தடவினால் மட்டுமே புலப்படும் காசுதான் இம்மண்ணில் வாழ்ந்தது. அத்தகையவற்றுள் பல செம்பின் விலைக்கு உருகிப் பாத்திரமாயின. எஞ்சியவற்றையும் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியே விற்க வருகிறார்கள். தேய்த்த கையோடு அந்தக் கடைசி இலக்கமும் போய்விடுகிறது.