ரோமானிய வெந்நீர்க் குளங்களும் நீரோட்டமும்

வெந்நீர் மேலே மிதப்பதும் ஆறிய நீர் கனத்து அடியில் தங்குவதும், பொதுக் குளியலைக் குடிமை வாழ்வின் அங்கமாக்கிய ரோமானியர் எதிர்கொண்ட சிக்கலாகும். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடக்கலை நூல் இயற்றிய விட்ருவியஸ், வெந்நீர், இளஞ்சூட்டு நீர், குளிர்ந்த நீர் ஆகியவற்றுக்கென உலைக்கு மேலே மூன்று வெண்கலக் கலங்கள் வேண்டும் என்றும், முதற்கலத்திலிருந்து வெளியேறும் அளவு நீரே அடுத்த கலத்திலிருந்து அதனுள் வந்து சேர வேண்டும் என்றும் விதிக்கிறார். செங்கல் தூண்கள் தாங்கிய தளத்தின் கீழ் அனல் பரவும் அமைப்பு ஹைப்போகாஸ்ட் எனப்பட்டது. அதன் அடித்தரை, உள்ளே எறிந்த பந்து நில்லாமல் உலைவாய்க்கே உருண்டு திரும்பும்படி சரிந்திருக்க வேண்டும் என்பதும் அவர் கூற்று.

குளத்து நீரின் சூடு தணியாமல் காத்தது டெஸ்டூடோ, அதாவது ஆமை எனப்பட்ட வெண்கலக் கலமாகும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பெய் நகரின் ஸ்டேபியன் குளியலகத்தில், பெண்கள் பகுதியில் இதன் எச்சம் கிடைத்துள்ளது. அரை உருளை வடிவிலான இக்கலம், தட்டையான அடிப்புறம் உலையின் அனல்வழி மீது படியவும், ஒரு முனை குளத்தினுள் திறக்கவும், குளத்தின் தரையைவிடச் சற்றுத் தாழ்வாகவும் பொருத்தப்பட்டது. ஆகவே ஆறிய நீர் அடிவழியே அதனுள் இறங்கிச் சூடேறி, மேல்வழியே குளத்துக்குத் திரும்பியது. இன்றைய வீட்டு நீச்சல் குளங்களில் மின்மோட்டார் நிகழ்த்தும் இச்சுழற்சியை, அன்று வெப்பத்தால் நீரின் அடர்த்தி மாறும் இயல்பே நிகழ்த்தியது. எனினும் உலை அணைந்தால் நீரோட்டமும் நின்றுவிடும் என்பதால், விறகும் அதை இடையறாது இட அடிமைகளின் உழைப்பும் அதற்குத் தேவைப்பட்டன.