ஏழு எழுத்தும் ஒரு பழைய கணக்கும்



போன வாரம் ஒரு வாப்பா பாடசாலை வாசலில் என்னை நிறுத்தினார். "சேர், இங்கிலீஷ் பாடத்தில மகன் எழுத்துத் துண்டு வச்சு விளையாடுறானாம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்கிரபிள். அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் அல்ஃபிரட் பட்ஸ். கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையை இழந்தவர். கையில் வேலையில்லாத அந்த நாட்களில், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் முன்பக்கத்தை விரித்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த எண்ணிக்கைதான் விளையாட்டின் அத்திவாரம். மொத்தம் 100 துண்டுகள். அதிகம் வரும் 'ஈ' எழுத்துக்கு 12 துண்டு, ஒரு புள்ளிதான். அருமையாக வரும் 'கியூ'வுக்கு ஒரே துண்டு, 10 புள்ளி. 'எஸ்' ஆங்கிலத்தில் நிறைய வரும். ஆனாலும் நாலே நாலுதான் வைத்தார். ஏன்? எல்லாச் சொல்லின் கடைசியிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கி, சும்மா புள்ளி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

பெரிய கம்பனிகள் அவருடைய விளையாட்டை வேண்டாம் என்றன. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் உரிமையை வாங்கி ஸ்கிரபிள் என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் அவருக்கு 450 டொலர் நட்டம். 1952க்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்னொரு விசயம்: பட்ஸ் எழுத்துக்கூட்டலில் கெட்டிக்காரர் இல்லை. அதை அவரே ஒத்துக்கொண்டார். 'ஸ்பெலிங்' வராது என்பதற்காக ஆங்கிலத்தையே கைவிட்ட பிள்ளைகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன்.

எழுத்தை எண்ணுவது பட்ஸோடு தொடங்கியதும் அல்ல. எட்கர் அலன் போ 1843இல் எழுதிய ஒரு கதையில், எழுத்துக்களை எண்ணி இரகசியச் செய்தியை உடைக்கும் முறை வருகிறது. பட்ஸுக்கு யோசனை கொடுத்தது அந்தக் கதை. அதே முறையை 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் எழுதி வைத்தவர் அல் கிந்தி. நம் கைக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழைய விளக்கம் அவருடையதே.

அவருக்கும் முன்னே, 8ஆம் நூற்றாண்டில், பஸராவில் கலீல் இப்னு அஹ்மத் இருந்தார். அரபுச் சொற்கள் அனைத்தையும் ஒரு அகராதியில் அடக்க நினைத்தார். ஒன்றும் விடுபடாமல் எப்படி அடக்குவது? வேர் எழுத்துக்களை எடுத்து, எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம் என்று கணக்குப் பார்த்தார். இரண்டு எழுத்தென்றால் 2 விதம், மூன்றென்றால் 6, நாலென்றால் 24, ஐந்தென்றால் 120. ஒவ்வொரு அடுக்கும் வழக்கில் உள்ளதா, இல்லையா என்று பிரித்தார். கிதாபுல் ஐன் என்ற அந்த அகராதி அப்படித்தான் உருவானது. 'கிதாப்' என்ற சொல்லின் காஃப், தா, பாவை, காஃப், பா, தா என்று மாற்றினால் 'கபத்', அதாவது அடக்குதல், என்று வேறு சொல் கிடைக்கும்.

வகுப்பில் நான் செய்ததும் இதுதான். கரும்பலகையில் ஈ, ஏ, டீ என்று மூன்று எழுத்து. ஆறு விதமாக அடுக்கச் சொன்னேன். சாப்பிடு என்ற 'ஈட்', அதன் இறந்தகாலம் 'ஏட்', குடிக்கிற 'டீ' மூன்றும் வந்தன. பிறகு ஆறு எழுத்துக்குப் போனோம். இங்கே 720 விதம், எல்லாவற்றையும் எழுத முடியாது. அதற்கு ஸ்கிரபிள் வீரர்களின் வழி ஒன்று: கிடைத்த எழுத்துக்களை ஏபீசீ ஒழுங்கில் வைத்துப் பழகுவது. ஈ, ஐ, எல், என், எஸ், டீ. 'லிஸன்', 'சைலன்ட்', 'என்லிஸ்ட்' மூன்றும் இந்த ஒரே வரிசைக்குள் அடங்கும். ஒன்றைக் கண்டால் மற்றவை நினைவுக்கு வரும். ஒரு நாளும் கை உயர்த்தாத பின்வாங்குப் பிள்ளை ஒருவன்தான் 'சைலன்ட்' என்று சத்தமாகச் சொன்னான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் போட்டியில் சம்பியன் ஆனார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களை மட்டும் மனனம் செய்திருந்தார். ஆகவே சொல் சேர்த்தால் மொழி வந்துவிடாது. வாசிக்கவும் பேசவும் எழுதவும் வேண்டும். அதனால்தான் கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைகள் கொப்பியில் ஒரு வசனம் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

நமது நாட்டில் ஆங்கிலத்தைக் 'கடுவ', வாள், என்பார்கள். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டும் ஆயுதம். பயந்த பிள்ளை வாளைத் தொடாது. எழுத்துத் துண்டைத் தொடும். என் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த வாப்பாவுக்கு ஒரு வேண்டுகோள்: இன்றிரவு மகனின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். மூன்று எழுத்தை அவனிடம் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.