தாயைப் பிரிந்த பிள்ளைகள்

1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் முதலாம் திகதி, ஜேர்மனியப் படைகள் போலந்துக்குள் புகுந்த அதே நாளில், இங்கிலாந்தின் நகரங்களிலே புகையிரத நிலையங்கள் பிள்ளைகளால் நிரம்பின. சட்டையிலே பெயர் எழுதிய சீட்டு. தோளிலே நச்சுவாயு முகமூடி கொண்ட பெட்டி. விமானக் குண்டுகளிலிருந்து அவர்களைக் காக்கும்பொருட்டு அரசாங்கம் அவர்களை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பிவைத்தது. சில நாட்களுள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பிள்ளைகளே.

உயிரைக் காக்க இது தக்க ஏற்பாடுதான். ஆயினும் அப்பிள்ளைகளின் உள்ளத்துக்கு என்ன நேரும் என்று எண்ணியவர் சிலரே. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே ஜோன் போல்பி, டொனால்ட் வினிகொட், இமானுவேல் மில்லர் என்னும் மூவர் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையிலே ஒரு கடிதம் வெளியிட்டனர். 2 வயது முதல் 5 வயது வரையான குழந்தைகளைத் தாயின்றி அனுப்புவது பாரதூரமான உளப் பாதிப்பை விளைவிக்கலாம் என அவர்கள் எச்சரித்தனர்.

அந்த எச்சரிக்கையின் உண்மையைக் கண்கூடாகக் காட்டியது லண்டனில், ஹாம்ஸ்டெட் பகுதியில் எழுந்த ஒரு குழந்தைகள் காப்பகமாகும். உளவியலறிஞர் சிக்மண்ட் பிராய்டின் மகளான அன்னா பிராய்ட், நாஸிகளின் கொடுமைக்குத் தப்பி 1938இல் வியன்னாவிலிருந்து லண்டனை அடைந்தவர். குண்டுவீச்சினால் வீடிழந்த குடும்பங்களின் குழந்தைகளுக்காக, தம் தோழி டொரோதி பேர்லிங்காமுடன் சேர்ந்து, அமெரிக்கர் அளித்த நன்கொடையைக் கொண்டு, 1941இன் தொடக்கத்தில் அவர் அதனை நிறுவினார். அங்கு வேலை செய்த ஒவ்வொருவரும் குழந்தைகளின் செயலையும் சொல்லையும் அட்டைகளிற் குறித்துவைக்க வேண்டும் என்பது விதி.

அக்குறிப்புகள் எவரும் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. குண்டு விழும் இரவிலும், தாய் அருகில் அமைதியாக இருந்தால், குழந்தை பெரும்பாலும் அதிகம் கலங்கவில்லை. தாய் நடுங்கினால் குழந்தையும் நடுங்கிற்று. ஆனால், குண்டுச் சத்தமே கேளாத இடத்துக்குத் தாயைப் பிரிந்து வந்த குழந்தையோ நாட்கணக்கில் அழுதது. புதிதாகக் கற்ற பேச்சை மறந்தது. படுக்கையை நனைக்கும் பழக்கத்துக்குத் திரும்பியது. போரினும் பிரிவே அதற்குப் பெருந்துன்பமாயிற்று. ஆகவே, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று காப்பகத்தின் கதவு திறந்துவிடப்பட்டது.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. உணவும் தூய்மையும் விளையாட்டும் குறைவின்றிக் கிடைத்தும், பல தாதியரின் கைகளிலே மாறி மாறி வளர்ந்த குழந்தைகள் பேச்சிற் பின்தங்கின. அதனையறிந்த அன்னா பிராய்ட் ஏற்பாட்டையே மாற்றினார். ஏறக்குறைய நான்கு குழந்தைகளுக்கு ஒரு தாதி என, சிறு சிறு குடும்பங்கள் வகுக்கப்பட்டன. குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் தேற்றுவதும் அவளுடைய கடமையாயின. முதலில் அழுகையும் பொறாமையும் பெருகின; தன் தாதியை எவரும் நெருங்கக் குழந்தைகள் விடவில்லை. சிறிது காலத்துள் அக்கொந்தளிப்பு அடங்கியது; பேச்சும் நற்பழக்கங்களும் விரைந்து வளர்ந்தன. பொறாமை கொள்ளவும் ஒருவர் தனக்கென இருக்கவேண்டும் அல்லவா?

போர் முடிந்தபின், இதனினும் கடினமான சோதனை ஒன்று வந்தது. பெற்றோரை நாஸிகளிடம் இழந்து, தெரேசின் தடுப்பு முகாமில் வளர்ந்த யூதக் குழந்தைகள் ஆறு பேர் 1945 ஒக்டோபரில் சசெக்ஸ் மாகாணத்துக் கிராமவீடு ஒன்றுக்கு வந்தனர். மூத்த குழந்தைக்கும் நான்கு வயது நிறையவில்லை. பொம்மைகளை உடைத்தனர், பெரியவர்களைக் கடித்தனர். ஆனால் தமக்குள் ஒருவரையொருவர் ஒருகணமும் பிரிய மறுத்தனர். உணவைத் தாம் உண்ணுமுன் மற்றவருக்குக் கொடுத்தனர். தாயை அறியாத அவர்களுக்கு அந்த அறுவரே குடும்பம். ஹாம்ஸ்டெட்டிற் பணிபுரிந்த சோபி டான், கேர்ட்ரூட் டான் என்னும் சகோதரிகள் அக்கட்டைக் குலைக்காது, பொறுமையோடு பராமரித்தனர். ஓராண்டுக்குள் அக்குழந்தைகள் புதிய மொழியைப் பேசவும் பெரியவர்களிடம் அன்பு கொள்ளவும் தொடங்கினர்.

ஹாம்ஸ்டெட் கற்பித்த பாடத்தை வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசென்றவர், அங்கே கொதிகலனைக் கவனிக்கும் பணியாளராகச் சேர்ந்த ஜேம்ஸ் றொபேட்சன். அக்காலத்தில், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பெற்றோரை அநுமதித்த குழந்தை வாட்டுகள் பல. இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாட்கள் வைத்தியசாலையிற் பட்ட தவிப்பை அவர் படம்பிடித்து 1952இல் திரையிட்டார். வைத்தியர் பலர் சீறினர். தம் வாட்டுகளிற் குழந்தைகள் இவ்வாறு தவிப்பதில்லை என்றனர். ஓசையின்றி ஒடுங்கிக் கிடந்த குழந்தையை அவர்கள் மனந்தேறிய குழந்தையென்று கருதியிருந்தனர்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1959இல், சேர் ஹரி பிளற் தலைமையிலான அரசாங்கக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் எனவும், இளங்குழந்தையுடன் தாயும் தங்க வசதி வேண்டும் எனவும் அது பரிந்துரைத்தது. மாற்றம் மெல்லவே வந்தது; குழுவின் சொல்லை ஏற்கப் பல வைத்தியசாலைகள் ஆண்டுக்கணக்கில் தயங்கின. அதற்கிடையில், மூடிய கதவின் ஒருபுறம் தாயும் மறுபுறம் குழந்தையும் காத்திருந்தனர்.